முதுகுப்பை எவ்வளவு கனக்கலாம்? முதன்முறை மலையேறுபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

“உன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தூக்கலாம், ஒன்றும் ஆகாது.” மலையேறக் கிளம்பும் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இந்த வாக்கியம் ஒருநாள் வந்துவிடும். எந்த வயதுக்காரருக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, எந்தப் பையில் என்று யாரும் கேட்பதில்லை. கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்து, வந்த எண்ணுக்கு ஏற்றபடி பையை நிரப்பிவிடுகிறார்கள்.

என் அக்கா மகனும் இப்படித்தான் வந்து நின்றான். சிங்கப்பூரில் இளைஞர்களுக்குக் கட்டாயமான ராணுவப் பணி, அதாவது தேசிய சேவை, அதை முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஜோகூரில் ஓர் இரவு கூடாரத்தில் தங்கி நடக்கும் பயணம்; அவனுக்கு முதல் தடவை. கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பையைத் தொங்கு தராசில் மாட்டித் தூக்கினோம். 15.4 கிலோ. அவன் எடை 68.

“அஞ்சில ஒன்னுன்னா 13.6. ஒன்னே முக்கால் கிலோதானே மாமா கூட இருக்கு? தேக்கோங்ல இதைவிட அதிகமா தூக்கியிருக்கேன்.”

தேக்கோங் தீவில்தான் அவனுக்கு ராணுவப் பயிற்சி. அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முதுகுப்பை பற்றி நாம் எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் விஷயங்கள் அந்த ஒரு பேச்சிலேயே இருந்தன. எண்ணைப் பார்த்தான். அந்த எடை உடம்பில் எங்கே உட்காரப்போகிறது, எவ்வளவு நேரம் உட்காரப்போகிறது என்று பார்க்கவில்லை. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

## அரிசிப் பையிலிருந்து தொடங்குவோம்

தேக்கா சந்தையில் ஐந்து கிலோ அரிசி வாங்குகிறீர்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை நடந்துவிடலாம். அதே பையைக் கையை முன்னால் நீட்டிப் பிடித்தபடி நடந்து பாருங்கள். பத்து அடி தாண்டுவதற்குள் தோள் நடுங்கும். அரிசி ஒரு கிராம்கூடக் கூடவில்லை. உடம்பிலிருந்து தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஓர் எடை அதைத் தாங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு நம்மைச் சாய்க்கப் பார்க்கும். இதற்குத் திருப்புவிசை என்று பெயர். எடையையும் தூரத்தையும் பெருக்கினால் அது கிடைக்கும். தூரம் இரண்டு மடங்கானால், எடையே இரண்டு மடங்கானதுபோல உடம்பு உணரும். கதவைத் திறக்கும்போது கீலுக்குப் பக்கத்தில் தள்ளாமல் கைப்பிடிப் பக்கம் தள்ளுகிறோமே, அங்கே நமக்கு உதவுவதும் இதுதான். முதுகுப்பையில் இது நமக்கு எதிராக வேலை செய்கிறது.

எப்படி என்று பார்ப்போம். பை இல்லாமல் நேராக நிற்கும்போது, உடலின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்குள் இருக்கும். அது பாதங்களுக்கு நேர் மேலே இருக்கும்வரை நாம் விழமாட்டோம். முதுகில் பை ஏறியதும், உடலும் பையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்கிறது. அதைத் திரும்பவும் பாதங்களுக்கு மேலே கொண்டுவர உடல் முன்னால் குனிகிறது. குனிந்த உடலைப் பிடித்து நிறுத்த முதுகுத்தண்டை ஒட்டிய தசைகள் இடைவிடாமல் இறுகுகின்றன. பாதையைப் பார்ப்பதற்காகக் கழுத்து வேறு நிமிர்ந்தே நிற்கிறது.

நாள் முடிவில் “பை கனம், முதுகு வலிக்குது” என்கிறோம். அந்த வலியில் ஒரு பங்குதான் பையைத் தூக்கியதால் வந்தது. மீதி, அந்தப் பையோடு விழாமல் நிற்க உடல் பட்ட பாட்டால் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் வாரை நீளமாக விட்டு, பை பிட்டத்தில் இடிக்க இடிக்க நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கைகள் பரபரக்கும். அந்த வாரை இரண்டு அங்குலம் இழுத்துவிட்டால், புத்தகம் எதையும் எடுக்காமலே அவர்களின் சுமை குறையும்.

சுருக்கமாக: பையின் எடை ஒன்று, அது முதுகிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பது இன்னொன்று. உடம்புக்கு இரண்டும் சேர்ந்துதான் கனக்கிறது.

## தோளா, இடுப்பா?

நம் பாட்டிமார் தண்ணீர்க் குடத்தை எங்கே வைத்தார்கள்? ஒன்று இடுப்பில், இல்லையென்றால் சும்மாடு கட்டித் தலையில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைப் பார்க்கும் தாய், பிள்ளையை இடுப்பில்தான் உட்காரவைக்கிறாள். தோளில் மாட்டிக்கொண்டு யாரும் மணிக்கணக்கில் நிற்பதில்லை.

காரணம் எலும்பில் இருக்கிறது. தோளைத் தொட்டுப் பாருங்கள். முன்னால் காறை எலும்பு, பின்னால் தோள்பட்டை எலும்பு. இவை உடலின் நடு எலும்புக்கூட்டோடு மூட்டாகச் சேர்வது ஒரே ஓர் இடத்தில்தான்: காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடும் இடத்தில். மற்றபடி தோள் முழுவதும் தசைகளால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. கையை இத்தனை திசைகளில் சுழற்ற முடிவது இதனால்தான். நெடுநேரம் பாரம் தாங்க அது தோதுப்படாமல் போவதும் இதனால்தான்.

இடுப்பெலும்பு வேறு மாதிரி. கிண்ணம்போல இருக்கும். மேலே முதுகுத்தண்டின் அடிப்பகுதி அதனோடு இறுகச் சேர்ந்திருக்கிறது; கீழே இரண்டு தொடை எலும்புகளும் அதில் பொருந்துகின்றன. மேலுடம்பின் எடையைக் கால்களுக்கு இறக்கிக் கொடுப்பது அது காலையிலிருந்து இரவுவரை செய்யும் வேலை. பையின் எடையையும் அங்கே உட்காரவைத்தால், அது முதுகைத் தொந்தரவு செய்யாமல் நேராகக் காலுக்குப் போய்விடும். பிட்டத்திலும் தொடையிலும் இருக்கும் பெரிய தசைகள் அதைப் பார்த்துக்கொள்ளும்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பெரிய காவடி எடுத்து நடப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். பல காவடிகளில் இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை இருக்கும். உள்ளே மெத்தைபோலத் துணி கொடுத்து, காவடிக் கூட்டின் பாரத்தை அங்கே இறக்கியிருப்பார்கள். கட்டிவிடும் அண்ணன்மார் அந்தப் பட்டையை ஒரு தடவை இறுக்கி, சுமப்பவரை நாலடி நடக்கச் சொல்லி, திரும்ப அவிழ்த்து இறுக்குவார்கள். அந்தப் பொறுமைதான் நம் பைக்கும் வேண்டும். மலையேறும் பையில் இருக்கும் இடுப்பு வார் செய்வது அதே வேலை.

பை ஆடாமல் இருக்கத்தான் அந்த வார் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை ஜோகூரின் லேடாங் மலையிலிருந்து இறங்கும்போது என் இடது கை விரல்கள் மரத்துப்போயின. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருக முடியவில்லை. நண்பர் வாங்கித் திறந்து கொடுத்தார். பை பத்து கிலோகூட இல்லை. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை, காறை எலும்புக்கு அடியில், தோள் வார் அழுத்தும் இடத்தின் வழியாகப் போகிறது. இடுப்பு வாரை மாட்டாமல் நாள் முழுதும் நடந்ததில் அது நசுங்கியிருக்கிறது. எனக்கு அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. நாள்கணக்கில் பாரம் சுமக்கும் படைவீரர்களுக்கு இந்தப் பலவீனம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு.

ஆகவே பையை மாட்டும் வரிசை முக்கியம். முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் கையை வைத்து அழுத்தினால், கெட்டியான எலும்பு விளிம்பு ஒன்று தட்டுப்படும். இடுப்பு வாரின் நடுப்பகுதி அந்த விளிம்பின் மேல் உட்கார வேண்டும். அதற்கு மேலே வயிற்றின் மெத்தென்ற பகுதியில் கட்டினால் மூச்சு முட்டும், பாரமும் இறங்காது. இடுப்பில் இறுக்கிய பிறகுதான் தோள் வார்களை இழுக்க வேண்டும். அவை தோளைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. பெரிய பைகளில் தோளுக்கு மேலே இரண்டு சின்ன வார்கள் பையின் உச்சிக்குப் போகும். அவற்றை லேசாக இழுத்தால் பையின் மேல்பகுதி முதுகோடு ஒட்டும். அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்தோமே, அதே தந்திரம். கடைசியாக நெஞ்சு வார். அது தோள் வார்கள் விலகாமல் பார்த்துக்கொள்ளும். மூச்சு தாராளமாக வரும் அளவுக்கு விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் தோள் வாருக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். சிரமமில்லாமல் நுழைந்தால் பாரம் இடுப்புக்குப் போயிருக்கிறது என்று பொருள்.

பை வாங்கும்போதும் இதே கணக்குதான். எல்லோரும் எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது முதுகு நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைக்கும். அங்கிருந்து, இரண்டு பக்க இடுப்பு விளிம்புகளையும் சேர்க்கும் கோடுவரை அளந்தால் வருவதே முதுகு நீளம். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இது ஒன்றுபோல இருக்காது. பை அதற்குப் பொருந்தாவிட்டால், வாரை எவ்வளவு இழுத்தாலும் பாரம் இடுப்பில் உட்காராது. கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே ஏழெட்டு கிலோ போட்டுத் தரச் சொல்லி, பத்து நிமிடம் நடந்து பாருங்கள்.

சுருக்கமாக: பெரும்பகுதி பாரம் இடுப்பெலும்பில், தோளில் கொஞ்சம், கழுத்தில் எதுவுமில்லை. இப்படி அமையாத பையில் எட்டு கிலோகூடத் தொல்லை கொடுக்கும்.

## ஐந்தில் ஒரு பங்கு என்பது என்ன?

இப்போது அந்தச் சதவீதத்துக்கு வருவோம். நடப்பவர்களிடையே புழங்கும் கைக்கணக்கு இது: ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் 10 சதவீதம், இரவு தங்கும் பயணத்துக்கு 20 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 கிலோவும் 12 கிலோவும். தொடங்குவதற்கு நல்ல எல்லைக்கோடு. நானும் அதை வைத்துத்தான் புதியவர்களுக்குச் சொல்கிறேன். அதைச் சட்டமாக நினைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவரும் 90 கிலோ எடையுள்ள ஒருவரும் ஒரே உயரம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி இரண்டாமவர் 18 கிலோ தூக்கலாம். ஆனால் அவரிடம் கூடுதலாக இருக்கும் 30 கிலோவில் பெரும்பகுதி கொழுப்பு என்றால், அவர் முழங்கால் ஏற்கனவே ஒரு பெரிய பையைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. அவருக்கு இந்தச் சூத்திரம் இன்னும் ஆறு கிலோவை அன்பளிப்பாகத் தருகிறது. அவர் தம் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்குப் போடுவதே நல்லது.

உடல் பருமன் இல்லாதவர்களிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எறும்பு தன்னைவிடப் பல மடங்கு எடையைத் தூக்குகிறது, யானையால் முடியாது. ஏன்? ஓர் உடல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது நான்கு மடங்குதான் கூடும். எடை வளரும் வேகத்துக்குப் பலம் வளர்வதில்லை. மனிதர்களுக்குள்ளும் இது ஓரளவு பொருந்தும். ஒல்லியான, உடல் பழகிய ஒரு பெண் தன் எடையில் கால் பங்கைச் சுமந்து நடப்பதையும், வாட்டசாட்டமான ஒருவர் ஐந்தில் ஒரு பங்கிலேயே திணறுவதையும் ஒரே பாதையில் பார்த்திருக்கிறேன்.

பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். கென்யாவின் லுவோ, கிக்கூயூ இனப் பெண்களைப் பற்றி 1986இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கூடுதல் சக்தி செலவாகாமலே சுமந்து நடந்ததைக் கண்டது. லுவோ பெண்கள் தலையில் வைத்தும், கிக்கூயூ பெண்கள் நெற்றியில் பட்டை கட்டி முதுகிலும் சுமப்பார்கள். நேப்பாளத்தின் மலைச் சுமைதூக்கிகளைப் பற்றி 2005இல் வந்த ஆய்வில், ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 சதவீதத்தைச் சுமந்தார்கள். இதைப் படித்துவிட்டு நம்மாலும் முடியும் என்று கிளம்பிவிடக் கூடாது. சிறு வயதிலிருந்து உடலில் ஊறிய நடை அது. நேப்பாளச் சுமைதூக்கிகள் மிக மெதுவாக நடப்பார்கள், அடிக்கடி நின்று இளைப்பாறுவார்கள். எவ்வளவு தூக்குகிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, எப்படி நடக்கிறார்கள் என்பதை நாம் விட்டுவிடுகிறோம்.

என் அக்கா மகன் சொன்ன தேக்கோங் கதையும் இங்கேதான் வருகிறது. அங்கே முதல் வாரமே 24 கிலோமீட்டர் நடக்கவிடவில்லை. சில கிலோமீட்டரில் தொடங்கி, வாரம் வாரமாகத் தூரத்தையும் பாரத்தையும் ஏற்றி, கடைசியில்தான் அந்த நீண்ட அணிநடை. இடையிடையே ஓய்வு, தண்ணீர், மருத்துவ உதவியாளர் என எல்லாம் உண்டு. அந்தப் பயிற்சியை விட்டு ஐந்து மாதம் மேசை வேலை பார்த்த உடம்பு, அதே எடையை அதே மாதிரி எடுத்துக்கொள்ளாது.

சுருக்கமாக: சதவீதம் ஒரு மேல் எல்லைக்கான தொடக்கக் கணக்கு. உடல் பழகியிருக்கிறதா, ஏற்றம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று பார்த்து அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

## எதை எடை போடுகிறோம்?

“என் பை எட்டு கிலோதான்” என்று ஒருவர் சொன்னால், தண்ணீரோடா இல்லாமலா என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கே தீரும்.

பையும் அதற்குள் பயணம் முழுவதும் அப்படியே இருக்கும் பொருட்களும் சேர்ந்தது அடிப்படை எடை: கூடாரம், படுக்கை, உடை, விளக்கு போன்றவை. தண்ணீர், உணவு, அடுப்பு எரிவாயு போன்றவை தீரும் எடை. நேரம் போகப்போகக் குறையும். இரண்டும் சேர்ந்ததுதான் முதுகில் ஏறும் மொத்த எடை. ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு மொத்த எடைக்கு, அதுவும் கிளம்பும் நேரத்து எடைக்கு.

பிரித்துப் பார்ப்பதில் என்ன லாபம்? தீரும் எடையைப் பாதையும் வெயிலும் தீர்மானிக்கின்றன. அதில் நம் விருப்பத்துக்கு அதிகம் இடமில்லை. நாம் குறைக்கக்கூடியது அடிப்படை எடையைத்தான். 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்கப் பாட்டி, 3,200 கிலோமீட்டருக்கும் நீளமான அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். தானே தைத்த துணிப்பை, காலில் சாதாரணக் கான்வாஸ் காலணி, மழைக்கு ஒரு குளியலறைத் திரை. அடிப்படை எடையை ஏறத்தாழ நாலரை கிலோவுக்குள் வைத்து நடக்கும் இன்றைய மரபுக்கு அவரை முன்னோடியாகச் சொல்வார்கள். நாம் அந்த எல்லைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் “இது இல்லாமல் முடியாது” என்று நாம் எடுத்து வைக்கும் பொருட்களில் எத்தனை அவரிடம் இல்லை என்று யோசித்தால், கை தானாகப் பையிலிருந்து சிலவற்றை வெளியே எடுக்கும்.

தராசு இல்லையென்றால் கவலை வேண்டாம். வீட்டில் எடை பார்க்கும் கருவியில் பையோடு ஒரு தடவையும் பையில்லாமல் ஒரு தடவையும் ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

## தண்ணீரில் கை வைக்காதீர்கள்

எடை குறைக்கச் சொன்னவுடன் பலர் முதலில் எடுப்பது தண்ணீர்ப் போத்தலைத்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. பையில் மிகக் கனமான பொருள் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதனால் ஆசை வருவது இயல்பு. சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் இது ஆபத்தான சிக்கனம். நம் காற்றில் ஈரப்பதம் அதிகம். வேர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். இங்கே அது ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. முதுகை மூடிக்கொண்டு பை வேறு இருக்கிறது. பாரம் கூடக்கூட உடல் உண்டாக்கும் சூடும் கூடுகிறது. இந்த நிலையில் தண்ணீரும் குறைந்தால் மயக்கமும் வெப்பத் தாக்கமும் வெகு தொலைவில் இல்லை.

மணிக்கு அரை லிட்டர் என்பது பொதுவான தொடக்கக் கணக்கு. உச்சி வெயிலில் கூடும். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி நாலு மணி நேரம் நடப்பதென்றால் இரண்டு லிட்டர், அதாவது இரண்டு கிலோ. குறைக்க வழி ஒன்றே ஒன்றுதான்: வழியில் எங்கே நிரப்பலாம் என்று முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு, அதுவரைக்கும் வேண்டியதை மட்டும் சுமப்பது.

மழையாடை, கைவிளக்கு, முதலுதவிப் பொருட்கள், விசில், கைப்பேசிக்கு மின்சாரம். இவற்றிலும் கை வைக்க வேண்டாம். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும்.

## கீழ்த்தளத்தில் பையைப் பிரித்தோம்

சரி, அந்த 15.4 கிலோவுக்கு வருவோம். கல்மேசையின் மேல் எல்லாவற்றையும் பரப்பினோம். வீட்டிலிருந்து சமையல் தராசையும் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொன்றாக வைத்து எடை சொல்லச் சொல்ல அவன் கைப்பேசியில் குறித்துக்கொண்டான்.

மாற்று ஜீன்ஸ் ஒன்று, 700 கிராம். நனைந்தால் இன்னும் கனக்கும், காய ஒரு நாள் ஆகும். வெளியே வைத்தோம். பெரிய குளியல் துண்டு 550 கிராம். அதற்குப் பதில் ஊரிலிருந்து வந்த ஈரிழைத் துண்டு, 150. எஃகு போத்தல் வெறுமையாகவே 450 கிராம் காட்டியது. அதற்குப் பதில் கடைத் தண்ணீர் வரும் பிளாஸ்டிக் போத்தல்கள் இரண்டு, சேர்த்து 80. பெரிய பவர்பேங்க் 400, ஓர் இரவுக்குப் பாதி அளவே போதும் என்பதால் 200. மாற்றுக் காலணிக்குப் பதில் செருப்பு, 550 கிராம் மிச்சம். தகர டப்பா மீன்களுக்குப் பதில் உலர்ந்த உணவு, அரை கிலோ மிச்சம்.

கடைசியில் மிஞ்சியது ஒரு கண்ணாடிச் சாடி. 600 கிராம்.

“இது அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாய் மாமா. இதை மட்டும் விட்டுடுங்க.”

அக்காவின் ஊறுகாயை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு வேளைக்கு எடுத்து இறுக்கி மூடினோம். 80 கிராம்.

திரும்ப நிறுத்தபோது 12.16 கிலோ. அடிப்படை எடை ஏழரை கிலோ, தண்ணீர் மூன்று, மீதி உணவு. தண்ணீரைத் தொடாமல், கூடாரத்தைத் தொடாமல், மூன்று கிலோவுக்கு மேல் போய்விட்டது. ஆயிரம் படி ஏறுகிறோம் என்றால், மூன்று கிலோ அரிசியை ஆயிரம் தடவை ஒரு படி உயரத்துக்குத் தூக்கும் வேலை மிச்சம்.

அப்புறம் அடுக்குவது. அதிலும் அரிசிப் பைப் பாடம்தான். படுக்கை மாதிரி இரவில் மட்டும் வேண்டியது, எடை இல்லாதது, அடியில். தண்ணீர், உணவு, அடுப்பு போன்ற கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. உடை போன்ற லேசானவை அவற்றைச் சுற்றியும் வெளிப்பக்கமும். மழையாடை உச்சியில். கனத்தை எல்லாம் மேலே வைத்தால் வேர்களிலும் ஈரப் பாறையிலும் கால் வழுக்கும்போது பை நம்மைச் சேர்த்துத் தள்ளும். அடியில் வைத்தால் பின்னுக்கு இழுக்கும். வெளியே கொக்கிகளில் குவளையும் காலணியும் தொங்கவிடுவது படத்துக்கு அழகாக இருக்கும், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் ஆடி இழுக்கும்.

## உடம்பைப் பழக்குவது

சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம் புக்கிட் தீமா, 163 மீட்டர்தான். லேடாங் 1,276 மீட்டர். ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆனால் நம்மிடம் வேறு மலைகள் இருக்கின்றன: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் படிக்கட்டுகள். பையில் தண்ணீர்ப் போத்தல்களைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். நாலு கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு கிலோ மட்டும் கூட்டுங்கள். இறங்குவதற்கு மின்தூக்கியைப் பயன்படுத்தலாம். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அடி அதிகம். தொடக்கத்தில் அதை மிச்சம் பிடிப்பது நல்லது. புக்கிட் தீமாவில் பயிற்சி என்றால், பாரத்துக்காகச் சுமந்த தண்ணீரை உச்சியில் கொட்டிவிட்டு லேசான பையோடு இறங்கலாம். குடிப்பதற்கு உள்ளதைக் கொட்டிவிடாதீர்கள்.

பயணத்துக்கு முன் ஒரு தடவையாவது, கொண்டுபோகப்போகும் அதே பையை அதே எடையோடு மாட்டி இரண்டு மணி நேரம் நடந்து பார்த்துவிடுங்கள். எந்த இடத்தில் உரசுகிறது, எந்த வார் நழுவுகிறது என்பதெல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துபோகும்.

## நிற்க வேண்டிய நேரம்

தசை களைப்பு இயல்பு, உட்கார்ந்தால் போய்விடும். விரல்கள் மரத்துப்போவது, கையில் ஊசி குத்துவதுபோல உணர்வது, கை பலமிழப்பது, முதுகிலிருந்து காலுக்கு வலி ஓடுவது, இவை வேறு. உடனே பையைக் கழற்றுங்கள். கை கால்களை அசைத்து, உணர்வு திரும்பும்வரை உட்காருங்கள். வார்களைத் தளர்த்தி, இடுப்பிலிருந்து மறுபடி மாட்டுங்கள். திரும்பவும் வந்தால் கூட வருபவர்களிடம் பாரத்தைப் பகிர்ந்து கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மரப்பு நீங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தலைசுற்றல், குமட்டல், வேர்வையோடு குளிர் நடுக்கம் வந்தால் அது பையின் விவகாரம் மட்டுமில்லை, சூட்டின் விவகாரம். நிழலில் உட்காரவைத்து, உடலைக் குளிர்வித்து, தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினால் தாமதிக்காமல் உதவிக்கு அழையுங்கள்.

இதைச் சொல்லக் கூச்சப்படுபவர்கள்தான் அதிகம். குழுவை நிறுத்த வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள். கூட்டிக்கொண்டு போகிறவர் ஒவ்வொரு மணிக்கும் “விரல் எல்லாம் சரியா இருக்கா?” என்று தாமாகக் கேட்டுவிட்டால், யாருக்கும் கூச்சம் இருக்காது.

என் அக்கா மகன் இரண்டு நாளும் நன்றாகவே நடந்தான். திரும்பி வந்த இரவு, அதே கல்மேசையில் பையைக் கொட்டி இரண்டு குவியலாகப் பிரித்தோம்: பயன்படுத்தியது ஒரு பக்கம், தொடாதது ஒரு பக்கம். முதலுதவிப் பையும் மழையாடையும் தொடாத பக்கத்தில் கிடந்தன. அவற்றைத் திரும்பப் பையில் போட்டுவிட்டான். ஒரு சட்டை, இரண்டு காலுறை, மடக்கு நாற்காலி ஒன்று மேசையிலேயே மிஞ்சின. நாற்காலியைத் தராசில் வைத்தான். 900 கிராம். ஊறுகாய் டப்பா காலியாக இருந்தது.